புரொஜெக்டர் லென்ஸைத் துடைக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய புரொஜெக்டர் லென்ஸ் வைத்திருப்பவர்கள், அதைத் துடைத்துத் தரச் சொல்லிக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 3,200 ரூபாய் கொடுத்து என் லென்ஸைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

எண்பதுகளில் திருநெல்வேலிப் பக்கம் அப்பா கோயில் கொடை, கல்யாண வீடு என்று 16 எம்.எம். படம் ஓட்டினார். டிவியும் டெக்கும் வந்தபிறகு புரொஜெக்டர் பரணுக்குப் போனது. போன வருடம் இறக்கினால் பெல்ட் மட்டும்தான் மாற்ற வேண்டியிருந்தது, மோட்டார் நன்றாகவே ஓடியது. லென்ஸில்தான் பூஞ்சை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல்கள் கிளைவிட்டிருந்தன. அதை போனில் படம் எடுத்து வைத்தேன். அந்தப் படம் பிறகு உதவியது.

சென்னையில் ஒரு கேமரா ரிப்பேர் கடை. "புரொஜெக்டர் லென்ஸா? டயஃப்ரம்கூட இல்லை, வெறும் கண்ணாடிதானே சார்" என்றார் கடைக்காரர். டயஃப்ரம் என்பது கேமரா லென்ஸில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்கள். அந்த 'வெறும் கண்ணாடிதானே'யிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பத்து நாளில் கைக்கு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது, ஒரு நூல்கூட இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்படிப் பார்த்தால் அழுக்கு போனது தெரியும். போகக்கூடாதது போயிருந்தால் தெரியாது.

வீட்டுக்கு வந்து இரவு சுவரில் படம் விட்டேன். நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் ஏதோ தெளிவு, சுற்றிலும் கலங்கல். ஃபோகஸை எப்படித் திருகியும் எழுத்து நிற்கவில்லை. ஈசி சேரில் இருந்த அப்பா எழுந்திருக்கக்கூட இல்லை. "ஏலே, பின்னாடி கண்ணாடிய மாத்திப் போட்டுட்டானுவ" என்றார்.

இந்த வகை லென்ஸில் மொத்தம் நாலு கண்ணாடி. 1840-ல் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் போட்ட கணக்குதான் அடிப்படை. முன்னால் இரண்டு கண்ணாடி ஒட்டி ஒன்றாக இருக்கும். பின்னால் இரண்டும் நடுவே மெல்லிய வளையத்தோடு தனித்தனியாக நிற்கும். கடைசிக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மேடு, ஆனால் வளைவு ஒன்றல்ல. கண்ணால் பார்த்து எது எந்தப் பக்கம் என்று சொல்வது கஷ்டம். அதனால்தான் கழற்றும்போதே விளிம்பில் பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொள்வார்கள். இங்கே ஒரு கோடுகூட இல்லை.

மறுநாள் லென்ஸ் ஸ்பேனர் வாங்கி நானே கழற்றினேன். பூட்டு வளையத்தின் காடிகளில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்கள், கறுப்புப் பெயின்ட் போய்ப் பித்தளை மின்னியது. கண்ணாடியைத் திருப்பிப் போட்டதும் எழுத்து நின்றது. சரி, இத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

விடவில்லை. படம் தெளிவாக இருந்தும் வெளிறிக் கிடந்தது. லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். பழைய போட்டோவில் கண்ணாடியில் தெரிந்த பிரதிபலிப்பு நீலமும் ஊதாவும் கலந்தது. இப்போது ஜன்னல் கண்ணாடி மாதிரி சுத்த வெள்ளை. ஒளி திரும்பாமல் இருக்கக் கண்ணாடிமேல் போட்டிருந்த மெல்லிய பூச்சு போய்விட்டது. விளிம்பு இடுக்கில் செந்நிறப் பொடி ஒட்டியிருந்தது, நகைக்கு மெருகு போடும் பொடி போல. பூஞ்சையைத் துடைக்கவில்லை, பாலிஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். காற்றைத் தொடும் பரப்பு இதில் ஆறு. கூட்டிப் பாருங்கள், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் சுவருக்கே வராது. அப்படித் திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தின் கறுப்பையும் சாம்பல் நிறமாக்கிவிடும்.

முன் கண்ணாடியைத் தின்னரில் ஊறப்போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அந்தக் காலத்தில் கண்ணாடிகளை ஒட்டியது கனடா பால்சம் என்ற மரப்பிசின். தின்னரில் அது கரையும். இப்போது ஒட்டு விட்டு, விளிம்பிலிருந்து நகம் அளவுக்கு ஒரு வானவில் திட்டு உள்ளே ஏறியிருக்கிறது. கொடுக்கும்போது அது கிடையாது.

போன் செய்தேன். "பழசு சார், கோட்டிங் தானாவே போயிருக்கும்" என்றார்கள். பழைய போட்டோவையும் இப்போது எடுத்ததையும் அனுப்பினேன். புளூ டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

நீங்கள் கொடுப்பதானால், முதலில் டியூப்லைட் அடியில் லென்ஸின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துத் துடைப்பார்கள் என்று கேளுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்றால் சரி, தின்னர், பாலிஷ் என்றால் லென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பூஞ்சை கண்ணாடியையே அரித்துவிட்டிருந்தால் அந்தத் தடம் துடைத்துப் போகாது. அதை முன்கூட்டியே சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் நம்பிக் கொடுக்கலாம். என்ன வேலை என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது "லென்ஸ் சர்வீஸ், ஓகே" மட்டும்தான்.