9.8 என்றால் எவ்வளவு அவசரம்? சிவிஎஸ்எஸ், இபிஎஸ்எஸ், கேஇவி: நாள்பட்ட பயன்பாட்டில்

மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டை எவ்வளவு கடுமையானது என்று மதிப்பெண் போடும் முறை சிவிஎஸ்எஸ் (CVSS). முதல் வாரம் அதைப் போல வசதியானது வேறில்லை என்றே தோன்றும். 0 முதல் 10 வரை ஓர் எண். 7.0-லிருந்து ஹை, 9.0-லிருந்து கிரிட்டிக்கல். மேலாளருக்கும் புரியும், ஆடிட்டருக்கும் புரியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சரிசெய்ய வேண்டிய ஓட்டைகளின் டிக்கெட் பட்டியல் முழுக்கச் சிவப்பாக நிற்கும். எதை முதலில் தொடுவது என்ற கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த எண் சொல்வது ஓட்டையின் கடுமையை, உங்கள் அபாயத்தை அல்ல. சிவிஎஸ்எஸ்-ஐப் பராமரிக்கும் ஃபர்ஸ்ட் (FIRST) அமைப்பே 3.1 பதிப்பின் பயனர் கையேட்டில் இதைத் தனித் தலைப்பு போட்டு எழுதியிருக்கிறது. அந்தப் பக்கம் வரை போகிறவர்கள் குறைவு.

எண் இரண்டு பக்கமும் ஏமாற்றும். 2014-ல் வந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, சர்வரின் நினைவகத்திலிருந்து ரகசியச் சாவிகளையே கசியவிட்டது. அன்றைய சிவிஎஸ்எஸ் 2 கணக்கில் அதற்கு வெறும் 5.0, அதாவது மீடியம். எதிர்ப்பக்கம் சிவிஇ-2020-19909 (சிவிஇ என்பது ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்): இணையம் வழி கோப்பு இறக்கும் கர்ல் கருவியில், மறுமுயற்சிக்கான காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் எண் நிரம்பி வழிவதுதான் பிழை. 2019-லேயே சரிசெய்யப்பட்ட அந்தச் சில்லறைப் பிழைக்கு 2023-ல் அமெரிக்காவின் ஓட்டைப் பதிவேடான என்விடி (NVD) தளம் 9.8 போட்டது. கர்ல் தரப்பு எதிர்த்த பிறகு 3.3-க்கு இறங்கியது. ஆகவே டிக்கெட்டில் எண்ணை மட்டும் எழுதி வைக்காதீர்கள். அந்த எண் எந்தத் தேர்வுகளிலிருந்து வந்தது என்று காட்டும் வெக்டர் வரியை முழுதாகவும், மதிப்பெண் கொடுத்தது யார், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பலர் தொடாமலே விடும் பகுதி சூழல் அளவீடு, அதாவது உங்கள் நிலைமைக்கு ஏற்ப மதிப்பெண்ணைத் திருத்தும் பகுதி. உண்மையான வேலை நடப்பது அங்கேதான். இணையம் வழி, லாகின் இல்லாமல், பயனர் எதையும் சொடுக்காமல் எல்லாவற்றையும் கைப்பற்ற முடிகிற ஒரு 9.8-ஐ எடுத்துக்கொள்வோம், 3.1 கணக்கில். அந்த சர்வீஸ் உள் நெட்வொர்க்கின் ஒரே துண்டுக்குள் மட்டும் எட்டும் என்றால், தாக்கும் வழியை 'அடுத்த நெட்வொர்க்' என மாற்றுங்கள்: 8.8. முன்னால் லாகின் தடுப்பு இருக்கிறது, சாதாரணப் பயனர் உரிமையாவது வேண்டும் என்றால்: 8.0. உள்ளே இருப்பது சோதனைத் தரவு, ரகசியம், நம்பகம், கிடைப்பு மூன்றின் தேவையும் குறைவு என்றால்: 6.1. ஓட்டை ஒன்றுதான், பேட்சும் ஒன்றுதான், வரிசையில் நிற்கிற இடம் வேறு.

இதற்கு சர்வீஸ் பட்டியல் ஒன்று வேண்டும்: இணையத்துக்குத் திறந்திருக்கிறதா, லாகின் உண்டா, என்ன தரவு, நின்றால் யாருக்கு அடி, பொறுப்பு யார். ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போதும். ஆனால் இந்தப் பட்டியல் பால் மாதிரி, சீக்கிரம் திரிந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை யாரோ டெமோவுக்காக ஒரு போர்ட்டைத் திறப்பார், பட்டியலில் 'உள் நெட்வொர்க்' என்றே இருக்கும், 6.1 அந்த நிமிடமே பொய். முதல் பத்தியைக் கையால் நிரப்பாமல், ஃபயர்வால் விதிகளிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாக எடுப்பது நல்லது. இன்னொரு சறுக்கல், கெடு நெருங்கும்போது மதிப்பெண்ணைக் குறைக்கிற ஆசை. குறைப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் வேறொருவர், காரணம் ஒரு முழு வாக்கியத்தில். தரவின் தேவை 'குறைவு' என்று சொல்லும் உரிமை தரவுக்குச் சொந்தக்காரருக்குத்தான்.

இபிஎஸ்எஸ் (EPSS) பதில் சொல்வது வேறு கேள்விக்கு: அடுத்த 30 நாளில் இந்த ஓட்டையை யாராவது எங்காவது பயன்படுத்தித் தாக்கும் வாய்ப்பு எவ்வளவு? இதுவும் ஃபர்ஸ்ட் தருவதுதான். தினமும் புதுப்பிக்கப்படும், சிஎஸ்வி கோப்பாக இலவசமாகக் கிடைக்கும். பட்டியலை வடிகட்ட இதைவிடக் கைக்கு வாகானது இல்லை. குழப்பம் வருவது ஒரே இடத்தில்: கோப்பில் நிகழ்தகவு, பெர்சன்டைல் (மற்ற ஓட்டைகளில் எத்தனை சதவீதத்துக்கு மேலே நிற்கிறது என்பது) என்று இரண்டு பத்திகள். பெரும்பாலான ஓட்டைகளின் நிகழ்தகவு 1 சதவீதத்துக்கும் கீழே கிடப்பதால், சின்ன நிகழ்தகவுகூடப் பெரிய பெர்சன்டைலாகத் தெரியும். டேஷ்போர்டில் பெர்சன்டைலைப் போட்டுவிட்டு 'தாக்கப்படும் வாய்ப்பு' என்று தலைப்பு வைத்தால் வீண் பீதிதான் மிஞ்சும். அறிவித்த முதல் சில நாட்களில் இந்த எண்ணை நம்பி உட்காரவும் முடியாது. தடயம் சேர்ந்த பிறகே மாடலுக்குத் தெரியவரும்.

இபிஎஸ்எஸ்-ஐ சிவிஎஸ்எஸ்-ஓடு பெருக்கி 'ரிஸ்க் ஸ்கோர்' என்று பெயர் சூட்டுவது பரவலான வழக்கம். வேண்டாம். சிவிஎஸ்எஸ் எது மேலே, எது கீழே என்று மட்டும் காட்டும் வரிசை அளவு. 8 என்பது 4-இன் இரு மடங்கு அல்ல. சாத்தியம் 3, பாதிப்பு 4, ஆக 12 என்று கட்டம் போடும் பழைய வண்ண மேட்ரிக்ஸும் இதே தவறைத்தான் செய்கிறது, கொஞ்சம் அழகாக.

கேஇவி (KEV) பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்டதாக உறுதியான ஓட்டைகளின் பட்டியல், அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஸா (CISA) 2021 நவம்பரில் தொடங்கியது. இதில் பெயர் வந்து, அந்தப் பதிப்பு உங்களிடம் ஓடுகிறது என்றால் விவாதம் முடிந்தது, பேட்ச் போடுங்கள். பெயர் இல்லை என்பதால் பாதுகாப்பு என்று அர்த்தமும் இல்லை.

மூன்றையும் எப்போது மறுபடி பார்ப்பது என்பதில்தான் பல டீம்கள் வழுக்குகின்றன. ஜாவா நிரல்கள் பதிவு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே-யில் 10.0 மதிப்பெண் பெற்ற ஓட்டைக்கு, 2021 டிசம்பரில் திருத்தமாக 2.15.0 பதிப்பு வந்தது. அந்தத் திருத்தம் முழுமையில்லை என்று சிவிஇ-2021-45046 அறிவிக்கப்பட்டது, மதிப்பெண் 3.7. சில நாட்களில் அதுவே 9.0 ஆனது. 3.7 என்று பார்த்து டிக்கெட்டை மூடியவருக்கு ஸ்கேனர் மறுபடி கதவைத் தட்டாது. மூடிய டிக்கெட்டுகளையும் இரவு ஓட்டத்தில் சேருங்கள். என்விடி ஏபிஐ-யில் சாவி இல்லாமல் 30 விநாடிக்கு 5 அழைப்பு, சாவியோடு 50. இலவசச் சாவியை முதல் நாளே வாங்கிவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே அலசல் தேங்கியதால், மதிப்பெண் காலியாக வரும் பதிவை ஸ்கிரிப்ட் 0 என்று எடுத்துக்கொள்கிறதா என்றும் சோதியுங்கள். சத்தமே இல்லாமல் நடக்கும் தவறு அது.

'அந்த ஃபங்ஷனை நாம் அழைப்பதே இல்லை' என்ற விலக்கு நியாயமானதுதான். அதை வெக்ஸ் (VEX) வடிவில், அதாவது ஓர் ஓட்டை நம் மென்பொருளைப் பாதிக்கிறதா என்று அறிவிக்கும் வடிவில், காரணத்தோடு பதியலாம். ஆனால் அது அந்த ரிலீஸுக்கு மட்டும். அடுத்த ரிலீஸில் யாரோ ஒருவர் ஒரே வரியில் அந்த ஃபங்ஷனை இம்போர்ட் செய்துவிடலாம். விலக்குக்குக் காலாவதி வைத்து, பில்டிலேயே அந்த அழைப்பைத் தேடும் சோதனை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

2023 நவம்பரில் வந்த சிவிஎஸ்எஸ் 4.0 இந்தச் சிக்கலைக் கொஞ்சம் நேர்மையாக அணுகுகிறது: அடிப்படை அளவீடு மட்டும் கணக்கிட்டால் பெயரிலேயே 'பி' (B) என்று ஒட்டுகிறது, அச்சுறுத்தலும் சூழலும் சேர்ந்தால் 'பிடிஇ' (BTE). 3.1-ல் இருந்த குழப்பமான 'ஸ்கோப்' அளவீடு போயே போய்விட்டது. ஆனால் பழைய பதிவுகள் பெரும்பாலும் 3.1-லேயே நிற்கின்றன. இரண்டு பதிப்பு எண்களையும் ஒரே பத்தியில் போட்டு வரிசைப்படுத்தாதீர்கள்.