விபத்து நடந்த இடத்துக்கே தேடி வரும் 'கிளெய்ம்' ஆட்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

சிங்கப்பூரின் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நல்ல மழை. பின்னால் வந்த வேன் எங்கள் காரை இடித்ததில் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நாங்கள் யாரையும் கூப்பிடுவதற்குள் இழுவை வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் தமிழர். "பயப்படாதீங்கக்கா, காரையும் கேஸையும் நான் பாத்துக்கிறேன்" என்றார். வலியோடு இருக்கும்போது நம் மொழி காதில் விழுந்தால் மனசு நம்பிவிடுகிறது.

இரண்டு நாள் கழித்து, லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் நான்கு தாள்களை நீட்டினார். கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலில் பெருக்கல் குறி, மற்றக் கட்டங்கள் எல்லாம் காலி. வலது கையில் மாவுக்கட்டு என்பதால் இடது கையால் கிறுக்கினேன். முன்பணம் வேண்டாம், வரும் தொகையில் 30 விழுக்காடு போதும் என்றார். லாயர் பெயரைக் கேட்டதற்கு "நம்ம ஆபீஸ் லாயர்தான்" என்று மழுப்பினார். மருத்துவ அறிக்கைக்கு என்று 600 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்), எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்று, மருத்துவமனை பில், டாக்ஸி ரசீது எல்லாவற்றின் அசலையும் வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் இரண்டரை வருடம் "கேஸ் ஓடிட்டு இருக்குக்கா" என்ற வாட்ஸ்அப் பதில்தான். கடைசியில் வேனின் காப்பீட்டு நிறுவனத்துக்கு நானே போன் செய்தேன். கார் சேதத்துக்கான பணம் எப்போதோ கொடுத்தாகிவிட்டதாம். என் காயத்துக்கு யாருமே எதுவும் கேட்கவில்லையாம்! போனை வைத்த பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

சமூக மன்றத்தின் இலவச சட்ட ஆலோசனையில் வழக்கறிஞர் முதலில் கேட்டது விபத்துத் தேதியைத்தான். சிங்கப்பூரில் காயத்துக்கு இழப்பீடு கேட்டு 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். எனக்கு மீதி இருந்தது ஐந்தே மாதம். இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று பேசி லாயர்கள் இங்கே இந்த மாதிரி வழக்கை நடத்தக் கூடாது என்பதும், லாயர் அல்லாதவர் காசுக்காக அடுத்தவர் காயத்துக்கான இழப்பீட்டைப் பேரம் பேசுவதே குற்றம் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது வழக்குப் பதிவானது. மருத்துவமனைப் பில்களின் நகல் மறுபடி கிடைத்தது. டாக்ஸி ரசீதுகள் போனது போனதுதான்.

விபத்தென்றால் முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் எண்ணுக்கு அழையுங்கள், இழுவை வண்டியை அவர்களே ஏற்பாடு செய்வார்கள். சின்னக் கீறலாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீஸ் புகாரும் தேவை. லாயரை நேரில் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். அசல் ரசீதை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கம்பெனி லாரியில் வேலைக்குப் போகும்போது அடிபடும் தம்பிகளை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. வேலைக்காய இழப்பீட்டுச் சட்டப்படி கேட்க 1 ஆண்டுதான் கெடு. அந்த வழியா, நீதிமன்ற வழக்கா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதை ஒரு தரகர் முடிவு செய்ய விட்டுவிடாதீர்கள்.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி பென்சில் குறி போட்ட தாளில் நீங்களும் கையெழுத்திட்டிருந்தால், விபத்துத் தேதியை எடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே எதிர்த் தரப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு, உங்கள் பெயரில் காயத்துக்கான கோரிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.