டர்னிட்டின் அறிக்கை: மாணவர் நேர்மைக் குழுவுக்கு எவ்வளவு உதவும்?

கருத்துத் திருட்டுப் புகார் ஒன்று மாணவர் நேர்மைக் குழுவுக்கு வந்தால், கோப்பில் பெரும்பாலும் முதலில் இருப்பது டர்னிட்டின் (Turnitin) என்ற இணையச் சேவை தரும் ஒப்புமை அறிக்கைதான். 1998இல் தொடங்கிய இந்தச் சேவை, கட்டுரையை இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்பு சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் கட்டுரைகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தும் வரிகளுக்கு நிறம் தீட்டி, எங்கிருந்து வந்தவை என்றும் காட்டுகிறது. இந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. அறிக்கையின் மேலே நிற்கும் ஒப்புமைச் சதவீதத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் குழுக்கள்தான் தடுமாறுகின்றன.

அந்தச் சதவீதத்துக்கும் ஒரு நிறம் உண்டு: பொருத்தமே இல்லையென்றால் நீலம், 24 சதவீதம் வரை பச்சை, 25 முதல் 49 வரை மஞ்சள், 74 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. இந்த நிறம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு பாருங்கள். 3,000 சொல் கட்டுரை, ஒப்புமை 38 சதவீதம். துணைநூற்பட்டியலை விலக்கினால் 22 குறைகிறது, மேற்கோள் குறிக்குள் இருப்பதை விலக்கினால் இன்னும் 9. மிச்சம் 7. அந்த ஏழும் கட்டுரை முழுக்கச் சிதறிக் கிடக்கும் வழக்கமான சொற்றொடர்கள் என்றால் விசாரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே ஏழு சதவீதம், ஆதாரம் குறிப்பிடாமல் தொடர்ச்சியாக எடுத்த 210 சொல் பத்தியாகவும் இருக்கலாம். அப்போது நிறம் பச்சைதான், புகாரோ வலுவானது.

ஆகவே அறிக்கையை இறக்கி எடுப்பது குழுச் செயலரின் பொறுப்பாகவே இருக்கட்டும். எந்தத் தேதியில் எடுத்தது, எதையெல்லாம் விலக்கும் வடிகட்டிகள் போட்டது, எத்தனை சொல்லுக்குக் குறைந்த பொருத்தங்களை விட்டது என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். இதை எழுதாவிட்டால் ஆசிரியர் கையில் 38, மாணவர் கையில் 7 என்று இரண்டு எண்கள் அலையும். விசாரணை நேரம் அந்தச் சண்டையிலேயே போய்விடும். மாணவர் தன் பழைய வரைவை வேறொரு ஒப்படைப்புப் பெட்டியில் ஏற்றியிருந்தால், அவருடைய கட்டுரையே அவருக்கு எதிராக முழுப் பொருத்தம் காட்டும். அந்த மூலத்தை விலக்கிய பிறகே எண்ணைப் பார்க்கணும். கேள்வித்தாள் வாசகமும் ஆய்வக மாதிரிப் படிவமும் இப்படித்தான்.

அறிக்கையை உண்மையில் படிக்க வேண்டியவர் விசாரணை உறுப்பினர். மூலத்தைத் திறந்து, கட்டுரையின் பத்தியைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும்: எது அப்படியே வந்தது, எது சொல் மாற்றி வந்தது, எங்கே ஆதாரம் இருக்கிறது, எங்கே இல்லை. பொருந்தியது வேறொரு கல்லூரி மாணவரின் கட்டுரை என்றால் அதன் முழு வாசகம் திறக்காது. அங்குள்ள ஆசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும். பதில் வரும்வரை அந்தப் பகுதியைச் சான்றாகக் கணக்கில் எடுக்காமல் இருப்பதே நியாயம். காசு கொடுத்துப் பிறரிடம் எழுதி வாங்கிய கட்டுரை ஒற்றை இலக்கத்தில் வந்து நிற்கலாம் என்பதையும் இந்த உறுப்பினர் மனதில் வைக்கட்டும். அங்கே வரைவுக் கோப்புகளும் நேர்காணலும்தான் பேசும்.

மாணவர் உறுப்பினர்களை ஒப்புக்கு உட்கார வைக்கும் குழுக்கள் உண்டு. அது பெரிய இழப்பு. அந்தப் பாடத்தில் குழுவாகப் படிப்பது எங்கே முடிகிறது, காப்பியடிப்பது எங்கே தொடங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். புகாருக்கு உள்ளான மாணவரோடு ஒரே வகுப்பு, ஒரே திட்டப்பணிக் குழு, நண்பர் என்றால் கோப்பைத் திறக்கும் முன்பே விலகிக்கொள்ள வேண்டும். புகார் கொடுத்த ஆசிரியர் சாட்சி. அவருக்கு வாக்கு கிடையாது.

தலைவர் கவனிக்க வேண்டியது வரிசை. குழு பார்க்கும் அதே அறிக்கை, அதே குறிப்பு, அழைப்புக் கடிதத்தோடு மாணவருக்கும் போக வேண்டும். தவறு நடந்ததா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகுதான் மாணவரின் முந்தைய தவறுகள் பற்றிய பதிவைப் பிரிக்க வேண்டும். முன்பே தெரிந்தால் சந்தேகம் தானாகச் சாயும். தண்டனையை நிர்ணயிக்கத்தான் அந்தப் பதிவு.

டர்னிட்டினின் செயற்கை நுண்ணறிவுக் கண்டறிதல், அதாவது கட்டுரையில் எத்தனை சதவீதம் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று மதிப்பிடும் வசதி, பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் வந்த இந்த வசதிக்குக் குறைந்தது 300 சொல் உரைநடை தேவை. 1 முதல் 19 சதவீதத்துக்குள் வந்தால் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி மட்டும் காட்டுகிறது, அந்த அளவில் தவறான குற்றச்சாட்டு வாய்ப்பு கூடுதல் என்பதால். இதை மட்டும் வைத்து மாணவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நிறுவனமே சொல்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே ஆண்டு ஆகஸ்டில் இதை அணைத்துவிட்டது. ஒப்புமையில் திறந்து பார்க்க ஒரு மூலம் இருக்கிறது. இங்கே ஒரு எண் மட்டும்தான், மாணவர் எதை எடுத்து மறுப்பார்? குழுவின் கோப்பில் இந்த எண்ணைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

மறைத்து வைத்த எழுத்துகள், வேறு மொழி எழுத்தால் மாற்றிய எழுத்துகள் ஆகியவற்றைக் காட்ட அறிக்கை எழுப்பும் எச்சரிக்கைக் கொடிகள் பயனுள்ளவை. ஆனால் வேறு கோப்பு வடிவத்திலிருந்து ஒட்டும்போதும் எழுத்து மாறலாம். அதனால் மூலக் கோப்பை வாங்கி, மாணவர் முன்னிலையிலேயே திறந்து பாருங்கள்.

ஒப்புமை அறிக்கைக்கு ஐந்துக்கு நான்கு. செயற்கை நுண்ணறிவு எண்ணுக்கு, நேர்மைக் குழுவின் பயன்பாட்டைப் பொறுத்தவரை, ஒன்று.