ஆடிக்காற்றைக் காட்டி என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கோவை–ஈரோடு சாலையில் போய்வருபவர்கள், இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். "மைலேஜ் கூட்டித் தருகிறோம், பொருத்துவதற்கு முன்பும் பின்பும் ஓட்டிக் காட்டுகிறோம்" என்று சொன்ன ஒரு கடையில் நான் பணத்தைப் பறிகொடுத்தேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அது தெரிந்தால் எந்தக் கடையில் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

எனக்குச் சென்னிமலை. போர்வை, துண்டு வியாபாரம். கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் சரக்கு எடுத்துக்கொண்டு மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறேன். 2011 மாடல் ஸ்விஃப்ட் டீசல். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார் விற்பதை நிறுத்திவிட்டது. அதனால் இருக்கிற வண்டியைப் பேணித்தான் ஆகவேண்டும். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 19 கிடைத்தது. போன வருடத்திலிருந்து படிப்படியாகக் குறைந்து பதின்மூன்றரையில் வந்து நின்றது. டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு விற்கும்போது அது மாதாமாதம் கையைக் கடித்தது.

அவிநாசிப் பக்கம் அந்தக் கடையின் பலகையைப் பார்த்து உள்ளே போனேன். கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். "அக்கா, பொய் சொல்லி விற்கிற ஆள் நான் இல்லை. உங்கள் வண்டியிலேயே ஓட்டிக் காட்டுகிறேன். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நம்பினேன்.

அவிநாசியில் ஒரு பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பினார். அங்கிருந்து கோவை ஓரத்து நீலாம்பூர் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அவரே ஓட்டினார். நீலாம்பூரில் வேறொரு பங்கில் மறுபடி நிரப்பியபோது 1.85 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 13.5. "உங்கள் கணக்கும் இதுதானே அக்கா?" என்றார். ஆமாம், அதேதான். பக்கத்தில் இருந்த அவர்களுடைய கொட்டகையில் அரை மணி நேரத்தில் சாமானைப் பொருத்தினார்கள். டீசல் குழாயில் கவ்வும் இரண்டு காந்தக் கட்டைகள், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனை சாக்கெட்டில் செருகும் ஒரு சிறு பெட்டி, டேங்க்கில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்து. அதே சாலையில் அவிநாசிக்குத் திரும்பி நிரப்பினார். 1.38 லிட்டர். கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார்: 18.1. ஆறு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் பணம் வாபஸ் என்றும் சொன்னார். கைப்பேசியிலேயே 14,500 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

அடுத்த மூன்று டேங்க்குகளிலும் 13.4, 13.7, 13.3.

எங்கே பிசகியது என்று எனக்குப் பல நாள் புரியவில்லை. கண்ணெதிரே ஓட்டினார், கண்ணெதிரே அளந்தார். ஆவணியில் பல்லடத்துக்குப் போகும்போது வரிசையாக நின்ற காற்றாலைகளைப் பார்த்தேன். எல்லாமே மேற்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. அப்போதுதான் உறைத்தது.

சோதனை நடந்தது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தச் சமயம் மேற்கிலிருந்து எப்படிக் காற்று அடிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? அவிநாசியிலிருந்து நீலாம்பூர் போவது அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு போவது. திரும்பி வருவது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ள வருவது. கார் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகிறது, பின்னாலிருந்து காற்று 20 கிலோமீட்டரில் வருகிறது என்றால், வண்டி எதிர்கொள்வது 50 கிலோமீட்டர் காற்றைத்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கியதற்கு) ஏற்ப மாறுவதால் அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. எதிர்க்காற்றில் அதே கணக்கு தலைகீழாகி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

சாலையும் மட்டம் இல்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் எங்கள் ஊர்ப் பக்கத்து ஒரத்துப்பாளையத்துக்கு ஓடிவருகிறதே, அந்த வாட்டம்தான் சாலைக்கும். காரில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். போகும்போது ஏசி போட்டிருந்தார். வரும்போது "காற்று நன்றாக இருக்கிறது" என்று அணைத்துவிட்டுக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார்.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வருவது பங்கில் செய்ததை நினைத்தால்தான். டீசல் நுரைக்கும். நாசில் முதல்முறை 'டக்' என்று நிற்பது பெரும்பாலும் நுரை வந்து முட்டுவதால். நுரை அடங்கினால் மேலும் கொஞ்சம் பிடிக்கும். நீலாம்பூரில் அவர் அவசரப்படவே இல்லை. காரைப் பக்கவாட்டில் ஆட்டி, நுரை அடங்கக் காத்திருந்து, கழுத்தில் டீசல் பளபளவென்று தெரியும் வரை சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொன்னார். அவிநாசிக்குத் திரும்பியதும் முதல் 'டக்'கிலேயே "போதும்" என்று கையைக் காட்டினார். நீலாம்பூரில் கூடுதலாக ஊற்றிய அந்தக் கொஞ்ச டீசல், போன ஓட்டத்தின் செலவில் ஏறியது; வந்த ஓட்டத்தின் செலவில் கழிந்தது. 25 கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்தக் கொஞ்சமே மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடும்.

என் அண்ணன் மகன் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். அந்தப் பெட்டியின் திருகைக் கழற்றி மேசையில் கவிழ்த்தான். மூன்று சிறு விளக்குகள், அவற்றை மினுக்க ஒரு சில்லு, அவ்வளவுதான். "அத்தை, சாக்கெட்டில் மின்சாரம் எடுக்கும் முள்ளுக்கு மட்டும்தான் உள்ளே இணைப்பு இருக்கிறது. எஞ்சின் கணினியோடு பேசும் முட்கள் சும்மா நிற்கின்றன" என்று காட்டினான். காந்தத்தால் டீசலை ஒன்றும் செய்ய முடியாது. "டீசல் முழுதாக எரியும்" என்று சொல்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினில் உள்ளே போவதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. நட்டமாவது புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் போகிற வெப்பம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்து, மிகமிகச் சிலவற்றில்தான் ஏதாவது பலன் உண்டு என்று சொல்லியிருக்கிறது. பாட்டில் மருந்தில் கெரசின் வாடை அடித்தது. இந்த வகை எஞ்சினில் உயரழுத்தப் பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான். கெரசினுக்கு அந்த வழுவழுப்பு கிடையாது. அதைத் தொடர்ந்து ஊற்றியிருந்தால் பம்பே போயிருக்கும்.

பணம் கேட்டுப் போனபோது முதலில் நான் வேகமாக ஓட்டுகிறேன் என்றார். அடுத்து, எங்கள் ஊர் டீசல் சரியில்லை என்றார். மூன்றாம் முறை, "வாபஸ் என்று சீட்டில் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார். எழுதவில்லை. ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் "மைலேஜ் கிட்" என்று மட்டும் இருந்தது.

வண்டியின் உண்மையான நோயைக் கண்டுபிடித்தவர் பெருந்துறையில் ஒரு வயதான மெக்கானிக். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, "அம்மிணி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்" என்றார். இடது பின்சக்கரம் மட்டும் அடுப்புபோலக் கொதித்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து, பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டரிலும் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு சிறு பாட்டில்களில் விட்டு, எஞ்சினை ஓடவிட்டார். மூன்றாவது பாட்டில் மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு நிரம்பியது. அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருந்தது. எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டதால் எஞ்சின் சூடேறாமலே ஓடிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. டயரில் 30 இருக்க வேண்டிய காற்று 22 இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 9,700 ரூபாய், ஒவ்வொன்றுக்கும் பில்லோடு.

இப்போது 17.6 கிடைக்கிறது. இதை நான் அளந்த விதம்: ஒரே பங்கு, ஒரே நாசில், நிரப்பும் ஒவ்வொரு முறையும் நுரை அடங்கும் வரை காத்திருப்பது, போகவும் வரவுமாகக் குறைந்தது 500 கிலோமீட்டர். முன்பு 90-ல் போன சாலையில் இப்போது 70-ல் போகிறேன், அதுவும் இதில் சேர்த்திதான். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45–55 கிலோமீட்டர் வேகத்தைச் சிபாரிசு செய்கிறது. நெடுஞ்சாலையில் என்னால் அவ்வளவு குறைக்க முடியவில்லை.

யாராவது இப்படி ஓட்டிக் காட்டுகிறேன் என்று வந்தால், சாமானைப் பொருத்திய பிறகு மேற்கே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிரப்பும்போது நாசிலை நீங்கள் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். பணம் திரும்பவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பில் கொடுக்க மறுப்பதே 2019-ம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிகம். இதே மாதிரி பணம் கொடுத்தவர்கள் அந்தத் துண்டுச் சீட்டையும், பணம் அனுப்பிய விவரத்தையும், கழற்றிய பெட்டியையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.