டாலஹாசியில் எங்கே படிக்கலாம்: ஃபாம்யூவா, புளோரிடா ஸ்டேட்டா?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் தலைநகர் டாலஹாசி. அங்கே இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, நடுவில் ஒரு ரயில் பாதை. வடக்குப் பக்கம் புளோரிடா ஸ்டேட். தெற்கே குன்றின் மேல் புளோரிடா ஏ அண்ட் எம், கறுப்பின மாணவர்களுக்காக 1887-ல் தொடங்கியது. ஊரில் அதற்குப் பெயர் ஃபாம்யூ. அந்த மாநிலத்து மாணவர்களுக்கு இரண்டிலும் ஆண்டுக் கட்டணம் 6,000 டாலரை ஒட்டியே வரும். ஆகவே அங்கே பள்ளி முடிக்கும் ஒரு கறுப்பின மாணவர் கட்டணத்தை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை.

எண்களை மட்டும் பார்த்தால் புளோரிடா ஸ்டேட்தான் முன்னால் நிற்கிறது. அங்கே 40,000 மாணவர்களுக்கு மேல் படிக்கிறார்கள். ஃபாம்யூவில் சுமார் 10,000 பேர்தான். புளோரிடா ஸ்டேட்டில் சேர்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் நான்கே ஆண்டில் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். ஃபாம்யூவில் அது பாதிகூட இல்லை. புளோரிடா ஸ்டேட்டில் மருத்துவக் கல்லூரி உண்டு, பேர்பெற்ற திரைப்படக் கல்லூரி உண்டு, உயர் காந்தப்புல ஆய்வுக்கான தேசிய ஆய்வகமும் அதன் பொறுப்பில்தான் நடக்கிறது.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்க்காமல் யாரும் முடிவுக்கு வரக்கூடாது என்பேன். சட்டக் கல்லூரியின் கதை ஒன்றே போதும். 1949-ல் வர்ஜில் ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினத்தவர் கெய்ன்ஸ்வில்லில் உள்ள புளோரிடா பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அவரைச் சேர்க்க மறுத்த அரசு, அதற்குப் பதிலாக ஃபாம்யூவில் தனியாக ஒரு சட்டக் கல்லூரியை 1951-ல் திறந்தது. ஹாக்கின்ஸ் அதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 1958-ல், மற்ற கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறக்கட்டும் என்று தன் விண்ணப்பத்தையே அவர் திரும்பப் பெற்றார். அப்புறம் என்ன நடந்தது? ஃபாம்யூ இனிப் புதிதாகச் சட்ட மாணவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று 1965-ல் அரசு முடிவெடுத்தது. 1966-ல் புளோரிடா ஸ்டேட்டில் புதுச் சட்டக் கல்லூரி தொடங்கியது. 1968-ல் ஃபாம்யூவின் கடைசிச் சட்ட வகுப்பு வெளியேறியது. 1962 வரை ஒரு கறுப்பின மாணவரைக்கூடச் சேர்க்காத இடத்துக்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே சட்டக் கல்லூரி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு வக்கீல் படிப்பு சொல்லித் தந்த இடம் அதை இழந்தது. ஃபாம்யூவுக்குச் சட்டக் கல்லூரி திரும்பக் கிடைத்தது 2002-ல்தான், அதுவும் டாலஹாசியில் இல்லை, ஆர்லாண்டோவில்.

பழங்கதை என்று இதை ஒதுக்கவும் முடியாது. 2023-ல் அமெரிக்கக் கல்வித் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் அனுப்பின. நில மானியப் பல்கலைக்கழகம், அதாவது வேளாண்மை, தொழில்நுட்பக் கல்விக்காக மத்திய அரசுச் சட்டத்தின்கீழ் உதவி பெறும் பல்கலைக்கழகம் என்ற வகையில் ஃபாம்யூவுக்கு இணையானது புளோரிடா பல்கலைக்கழகம். அங்கே ஒரு மாணவருக்கு மாநிலம் கொடுத்ததை ஃபாம்யூவிலும் கொடுத்திருந்தால், 1987-க்கும் 2020-க்கும் இடையில் சுமார் 197 கோடி டாலர் கூடுதலாக வந்திருக்கும் என்றது அந்தக் கடிதம். இவ்வளவு பணம் வராத ஒரு நிறுவனத்தின் தேர்ச்சி விகிதத்தை மட்டும் எடுத்து வைத்து எடைபோடுவது நியாயமே இல்லை. ஃபாம்யூ மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகை வாங்குபவர்கள். பணமுடையால் ஒரு பருவம் விட்டுப்போனாலும் நான்கு ஆண்டுக் கணக்கில் அவர்கள் தோற்றவர்களாகிவிடுகிறார்கள்.

ஃபாம்யூவில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2011-ல் அதன் புகழ்பெற்ற 'மார்ச்சிங் 100' இசைக்குழுவில் ராகிங் கொடுமையால் ஒரு மாணவர் இறந்தார். 2024-ல் பட்டமளிப்பு மேடையில் 23.7 கோடி டாலர் நன்கொடை என்று பெரிதாக அறிவித்தார்கள். அது கைக்கு வரவேயில்லை, பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். நிர்வாகத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

ஆனாலும் அங்கே கிடைப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. 1956 மே மாதம் வில்ஹெல்மினா ஜேக்ஸ், கேரி பேட்டர்சன் என்ற இரண்டு ஃபாம்யூ மாணவிகள் நகரப் பேருந்தில் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்க மறுத்ததால் கைதானார்கள். சக மாணவர்கள் உடனே பேருந்துப் புறக்கணிப்பில் இறங்க, ஊரே பின்னால் வந்தது. விம்பிள்டனை வென்ற முதல் கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சன் படித்ததும் இங்கேதான். தன்னைப் போன்றவர்கள் ஆசிரியராக, துறைத் தலைவராக இருப்பதைத் தினமும் பார்த்துப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

சரி, யார் எங்கே போகலாம்? மருத்துவம், சினிமா, இயற்பியல் ஆய்வு என்றால் புளோரிடா ஸ்டேட். ஃபார்மசி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபாம்யூ. புளோரிடா ஸ்டேட்டில் அந்தக் கல்லூரியே கிடையாது. வணிகம், இதழியல் போன்றவற்றுக்கும் கறுப்பின மாணவருக்கு முதலில் ஃபாம்யூவைத்தான் சொல்வேன்.

பொறியியலுக்கு இந்தப் போட்டியே இல்லை. 1982 முதல் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே கல்லூரி நடத்துகின்றன. வகுப்பறை ஒன்று, பேராசிரியர்கள் ஒன்று. எந்தப் பல்கலைக்கழகம் வழியாகச் சேர்கிறோமோ அதன் பட்டம் கிடைக்கும். 2014-ல் இதைப் பிரிக்க மாநில சட்டமன்றத்தில் முயற்சி நடந்தது, நல்லவேளை பிரியவில்லை. ஒரே ஆய்வகத்தில்தான் படிக்கப்போகிறோம் என்றால், ஃபாம்யூ வழியாகவே சேருங்கள்.