க்ளூஃப் காட்டில் தவளை பார்க்கும் இரவு நடை: போகலாமா?

டர்பனுக்கு மேற்கே, க்ளூஃப் பள்ளத்தாக்குக் காட்டுக்குள் மழைக்கால இரவுகளில் தவளை பார்க்க அழைத்துச் செல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சாட்ஸ்வொர்த்திலிருந்து என் பேத்தியுடன் சென்ற மாதம் போய்வந்தேன். ஆளுக்கு 200 ராண்ட், இரண்டு மணி நேரம். யானை, சிங்கம் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

காட்டின் ஓரத்தில், யூகலிப்டஸ் மரங்களை ஒட்டிய பாதையில், சருகு காலடியில் அப்பளம்போல நொறுங்கியது. வேறு சத்தமே இல்லை. சற்று உள்ளே இறங்கியதும் சருகு ஈரத்துணியாக மிதிபட, நாலாபுறமும் "கீச் கீச்" என்று கேட்கத் தொடங்கியது. "ஆயா, சில்வண்டா?" என்றாள் பேத்தி. வழிகாட்டி டார்ச்சைத் தாழ்த்தி, கட்டைவிரல் நுனியளவே இருந்த ஒரு தவளையைக் காட்டினார். புஷ் ஸ்க்வீக்கர் எனப்படும் இது முட்டையிடக் குளத்தைத் தேடிப் போவதில்லை. ஈரச் சருகுக்குள் இட்ட முட்டையிலிருந்து, தலைப்பிரட்டையாக நீந்தும் பருவமே இல்லாமல், குட்டித் தவளையாகவே வெளிவருகிறது. சருகு காய்ந்தால் அந்த முட்டைக்குக் கதியில்லை.

அவருடைய விளக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பல்லிபோல வாலும் தவளைபோல ஈரத்தோலும் கொண்ட சாலமாண்டரைப் பற்றிய பகுதி. சகாராவுக்குத் தெற்கே அந்தப் பிராணியே கிடையாது என்றாலும், வட அமெரிக்கக் காடுகளில் நுரையீரலே இல்லாமல் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மூச்சுவிடும் சாலமாண்டர்களும் இப்படித்தான் சருகையும் உளுத்த மரக்கட்டையையும் நம்பி வாழ்கின்றன என்றும், மரங்களை வெட்டி வெயில் தரையில் விழுந்தால் அவற்றின் தொகை சரிகிறது என்றும் சொன்னார். நியூ ஹாம்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில், இனப்பெருக்கக் காலத்துப் பறவைகளின் மொத்த எடையைவிடச் சாலமாண்டர்களின் மொத்த எடை கூடுதல் என்று 1975இல் வெளியான ஆய்வு காட்டியதாம். கண்ணில் படாதது குறைந்தாலும் நமக்குத் தெரிவதில்லையே!

இவ்வளவு சொன்னவர், அடியில் இருப்பதைக் காட்டப் புரட்டிய கட்டையை அப்படியே மல்லாத்திப் போட்டுவிட்டு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் பேத்தியும் பின்தங்கி அதைப் பழைய பள்ளத்திலேயே உருட்டி வைத்தோம். கொசுமருந்து தடவிய கையால் தவளையைத் தொடக்கூடாது என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை. "சிறு குழு" என்றார்கள். எண்ணிப் பார்த்தால் பதினான்கு பேர்.

இருந்தும் மறுபடி போவேன், மழை விட்ட மறுநாள் இரவாகப் பார்த்து. புரட்டிய கட்டையைத் திருப்பி வைப்பீர்களா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொண்டு.