ஒரு சொட்டு ரத்தத்தில் ஐஎன்ஆர்: இம்பிடன்ஸ் ஸ்ட்ரிப்பா, மின்வேதி ஸ்ட்ரிப்பா?

ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதைக் காட்டும் எண்தான் ஐஎன்ஆர். அதை அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றை உருவாக்கும் சிறு குழுவில் மின்னணுப் பகுதி என் பொறுப்பு. ஸ்ட்ரிப்பில் (சோதனைப் பட்டையில்) விழுந்த ரத்தம் உறைந்துவிட்டது என்பதைக் கருவி எப்படி அறிவது? முதலில் நாங்கள், ரத்தத்தின் மின்தடை மாறுவதைப் பார்க்கும் இம்பிடன்ஸ் முறையைத்தான் எடுத்தோம். சில மாதங்கள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, வேதிவினையில் எழும் மின்னோட்டத்தை அளக்கும் மின்வேதி முறைக்கு மாறினோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு, மாறியதற்கான காரணம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உறைவதைத் தாமதப்படுத்தும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களுக்கு ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, அதை இயல்பான நேரத்தால் வகுத்து, உறைதலைத் தூண்டும் ரியேஜன்ட்டின் உணர்திறன் குறியீட்டை அடுக்காக ஏற்றினால் ஐஎன்ஆர் கிடைக்கும். 1983-இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த முறை இது. பெரும்பாலோருக்கு இலக்கு 2 முதல் 3 வரை. இதயத்தின் மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரை. எல்லா மீட்டர்களிலும் ஸ்ட்ரிப்பில் உலர்ந்த த்ராம்போபிளாஸ்டின் (அந்த ரியேஜன்ட்) இருக்கும், விரல்நுனி ரத்தம் அதில் ஊறும், ஸ்ட்ரிப்பைக் கருவி 37 டிகிரி அளவில் சூடாக வைத்திருக்கும். இதுவரை யாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உறையும் கணத்தை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

வேறு வழிகளும் உண்டு. கோகுசெக் வரிசையின் பழைய மாடல்கள் இரும்பு ஆக்சைடு துகள்களைக் காந்தப்புலத்தில் ஆடவிட்டு, ஆட்டம் நிற்கும் நேரத்தைப் பார்த்தன. ஹீமோக்ரான் கருவிகளில் ரத்தம் குறுகிய குழாயில் முன்னும் பின்னும் ஓடும். அது மெதுவாவதை ஒளி உணரி பிடிக்கும். 2022-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, போனின் அதிர்வு மோட்டாரையும் கேமராவையும் வைத்து, ரத்தத்தில் மிதக்கும் ஒரு செப்புத் துகள் எப்போது நிற்கிறது என்று பார்த்தது. அழகான யோசனைதான், ஆனால் இவற்றில் எதையும் நான் கையால் செய்து பார்த்ததில்லை. அதனால் நான் தொட்ட இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இம்பிடன்ஸ் முறையின் கவர்ச்சி அதன் எளிமை. இரண்டு எலக்ட்ரோடு, மிகச் சிறிய மாறுதிசை மின்னோட்டம், அவ்வளவுதான். விலை கூடிய வேதிப்பொருள் ஸ்ட்ரிப்பில் கூடுதலாகத் தேவையில்லை. ரத்தம் உள்ளே வந்ததும் இம்பிடன்ஸ் வளைவு சட்டென்று இறங்கும். உறைகட்டியின் இழைகளான ஃபைப்ரின் வலை பின்னத் தொடங்கியதும் திசை மாறும். நல்ல ரத்தத்தில் அந்தத் திருப்பம் ஒரு குழந்தைகூடக் காட்டும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. முதல் மாதம் முழுக்க நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

அப்புறம் ஒரே பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை) எடுத்து, அதில் சிவப்பணுக்களை வெவ்வேறு அளவில் கலந்து பார்த்தோம். உறைதல் காரணிகள் எல்லாம் பிளாஸ்மாவில்தான் இருக்கின்றன. பிளாஸ்மா ஒன்றே என்றால் ஐஎன்ஆரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் சிவப்பணு குறையக் குறைய வளைவு தட்டையானது. திருப்பம் எது, இரைச்சல் எது என்று எங்கள் நிரலுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முன்கூட்டியே ஏதோ ஒரு சிறு நெளிவைப் பிடித்துக்கொண்டு ‘உறைந்துவிட்டது’ என்றது. அதாவது உண்மையைவிடக் குறைந்த ஐஎன்ஆர்.

காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் சிவப்பணுவின் சவ்வு மின்காப்பான் மாதிரி நடந்துகொள்கிறது. மின்னோட்டம் அணுக்களைச் சுற்றிப் பிளாஸ்மா வழியாகப் போகிறது. ஆகவே நாம் அளப்பதில் பெரும்பங்கு, அணுக்கள் எத்தனை, எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான். உறைதல் அந்தப் பின்னணியின் மேல் வரும் ஒரு மாற்றம். நிரலை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தப் பின்னணி போகாது.

சரி, ரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிவிட்டால் போதாதா? எங்கள் குழுவிலும் இது பேசப்பட்டது. என்னால் ஏற்க முடியவில்லை. வார்ஃபரின் அளவு மிஞ்சினால் என்ன ஆகும்? குடலில் மெதுவாக ரத்தம் கசியும். கசிந்தால் சோகை வரும். சோகை வந்தால் இந்த மீட்டர் ஐஎன்ஆரைக் குறைத்துக் காட்டும். குறைவாகத் தெரிந்தால் மருந்தைக் கூட்டுவார்கள். மீட்டர் சரியாக இருந்தே ஆக வேண்டிய நாளில், ஆபத்தான திசையிலேயே அது தவறுகிறது. மற்ற எல்லாக் குறைகளையும்விட இதற்கு நான் அதிக எடை கொடுப்பது இதனால்தான்.

இது வெறும் கற்பனைப் பயமும் அல்ல. இம்பிடன்ஸ் முறையில் இயங்கிய ஐஎன்ரேஷியோ மீட்டர், சில நிலைமைகளில் ஆய்வக அளவைவிட மிகக் குறைந்த எண்ணைக் காட்டலாம் என்று 2014 இறுதியில் அதன் நிறுவனமே எச்சரித்தது. ஹீமாடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பதும், ஃபைப்ரினாக மாறும் புரதமான ஃபைப்ரினோஜன் கூடியிருப்பதும், வழக்கத்துக்கு மாறான ரத்தக்கசிவும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2016-இல் அது சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. ரிவராக்சபான் என்ற இன்னொரு உறைதல் தடுப்பு மருந்தையும் வார்ஃபரினையும் ஒப்பிட்ட, 14,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ராக்கெட் ஏஎஃப் ஆய்வில் வார்ஃபரின் பிரிவின் ஐஎன்ஆர் அளக்கப்பட்டது இதே மீட்டரால்தான் என்பதால், அந்த ஆய்வின் மீதும் கேள்விகள் எழுந்தன.

மின்வேதி முறை கேட்கும் கேள்வியே வேறு: உறைதலின்போது உருவாகும் த்ராம்பின் என்ற நொதி வந்துவிட்டதா? ஸ்ட்ரிப்பில் த்ராம்பின் வெட்டக்கூடிய ஒரு சிறு பெப்டைடு இருக்கும். அதன் வாலில் ஃபினைலீன்டையமின் மாதிரி மின்வேதியில் தெரியும் ஒரு மூலக்கூறு. த்ராம்பின் உருவானதும் வால் அறுந்து எலக்ட்ரோடுக்கு வருகிறது, மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டத்தைச் சிவப்பணு உண்டாக்குவதில்லை. சோகை ரத்தத்திலும் எங்களுக்கு ஏறுமுகமான, படிக்கத்தக்க வளைவு கிடைத்தது. கோகுசெக் எக்ஸ்எஸ் மீட்டரும் இதே கொள்கைதான்.

இதிலும் ஹீமாடோக்ரிட்டின் பிடி முழுசாக விடுவதில்லை. அணு கூடினால் பிளாஸ்மா குறையும், பரவலும் மெதுவாகும். எக்ஸ்எஸ் மீட்டருக்கும் 25 முதல் 55 சதவீதம் என்று எல்லை உண்டு. ஆனால் இங்கே அது திருத்தக்கூடிய ஒரு சாய்வு. நாங்கள் கைவிட்ட இம்பிடன்ஸ் அளவீட்டையே, வினை தொடங்கும் முன் ஒரு கணம், அதே எலக்ட்ரோடில் எடுக்கிறோம். அது ஹீமாடோக்ரிட்டை உத்தேசமாகச் சொல்லிவிடும். எல்லைக்கு வெளியே என்றால் எண்ணுக்குப் பதில் பிழைச்செய்தி வரும்.

மின்வேதி முறையில் இழப்பதையும் சொல்லியாக வேண்டும். அது பார்ப்பது த்ராம்பினை, உறைகட்டியை அல்ல. ஃபைப்ரினோஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்தவருக்கும் சிக்னல் நன்றாகவே வரும். வார்ஃபரின் ஃபைப்ரினோஜனைத் தொடுவதில்லை என்பதால் எங்கள் பயனாளிகளுக்கு இது பெரிய தடையில்லை. விபத்துப் பிரிவுக்கோ கல்லீரல் பழுதானவர்களுக்கோ கருவி செய்பவர்கள் என் முடிவை அப்படியே எடுக்கக் கூடாது. கட்டியின் உறுதியையே அளக்கும் முறைதான் அவர்களுக்குப் பொருந்தும். பெப்டைடின் விலையும் ஸ்ட்ரிப்பின் விலையில் ஏறும்.

சிக்னல் சரியானால் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மை. 2018-இல் கோகுசெக் ஸ்ட்ரிப்புகளே திரும்பப் பெறப்பட்டன. புதிய சர்வதேசத் தரத்துக்கு ஏற்ப அளவுதிருத்தம் செய்தபோது, 4.5-க்கு மேற்பட்ட எண்கள் உண்மையைவிடக் கூடுதலாக வந்தன. எந்த முறையை எடுத்தாலும் அளவுதிருத்த வேலை அப்படியே காத்திருக்கும்.

எங்கள் சோதனைகளில் பெரும்பகுதி, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் குழாயில் எடுத்த ரத்தத்தில், கால்சியம் திரும்பச் சேர்த்துச் செய்தவை. விரல்நுனி ரத்தம் அப்படி நடந்துகொள்ளாது. அழுத்திப் பிழிந்தால் திசுத்திரவம் கலந்து நேரமே மாறிவிடும். சோகை உள்ளவர்களிடம் நேரடியாக விரல்நுனியில் எடுத்த மாதிரிகள் எங்களிடம் மிகக் குறைவு. அந்த மாதிரிகள் சேரும் வரை, ஹீமாடோக்ரிட் 30-க்குக் கீழே இருந்தால் எங்கள் மீட்டர் ஐஎன்ஆர் காட்டாது. ஆய்வகத்தில் பரிசோதிக்கச் சொல்லும்.